கட்டற்ற மென்பொருளும் பல்கலைக்கழக வலையின் விதிகளும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் கோயில்களில் ‘கட்டளை’ என்றொரு வழக்கம் உண்டு. ஒருவர் நிலமோ பொருளோ எழுதிவைத்து, அதன் வருவாயில் இன்ன நாளில் இன்ன பூசை, இத்தனை பேருக்குச் சோறு என்று நிபந்தனை விதித்துவிட்டுப் போவார். கொடுத்தவர் மறைந்த பின்னும் நிபந்தனை மறைவதில்லை. இந்த மேடையும் அப்படி ஒருவர் எழுதிவைத்துப் போனதால் கிடைத்ததுதான். அவருக்கு என் நன்றி.

நான் பேச வந்த கட்டற்ற மென்பொருளிலும் ஒரு கணிசமான பகுதி இத்தகைய கட்டளையே. எழுதியவர் தம் உழைப்பைக் கொடுக்கிறார். “இதைப் பெற்றவர் பிறருக்குத் தரும்போது இதே உரிமைகளோடு தரவேண்டும்” என்று உரிமத்தில் எழுதிவைக்கிறார். 1989-இல் முதலில் வெளியான குனூ பொது உரிமத்தின் சாரம் இவ்வளவுதான்.

ஒரு வளாகத்தின் கணினி வலையமைப்பைப் பராமரிக்கும் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஒரு மாலை, புள்ளியியல் துறை ஆய்வு மாணவி ஒருவர் என் அறைக்கு வந்தார். கையில் அரசு வழங்கிய பழைய மடிக்கணினி. “சார், என் லேப்டாப்ல வைஃபை ஏறவே மாட்டேங்குது. யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் சரியாத்தான் போடுறேன்” என்றார். பார்த்தேன். உள்நுழையும் முன் ஒரு சிறு நிரலை நிறுவச் சொல்லிக் கேட்டது எங்கள் வலை. கணினியில் ஆன்டிவைரஸ் இருக்கிறதா, திருத்தங்கள் இடப்பட்டிருக்கின்றனவா என்று சோதிக்கும் நிரல் அது. விண்டோசில் மட்டுமே ஓடும். மாணவியின் கணினியில் இருந்தது லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளம். இரண்டு மாதமாக அவர் தம் கைபேசி டேட்டாவைக் கொண்டுதான் ஆய்வுக் கட்டுரைகளைத் தரவிறக்கிக்கொண்டிருந்தார்.

அவரை அனுப்பிவிட்டுச் சர்வர் அறைக்குப் போனேன். அவருடைய கணினியைத் திருப்பி அனுப்பிய சர்வர், லினக்சில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். எங்களில் எவருக்கும் கட்டற்ற மென்பொருள்மீது பகை இல்லை. வளாகத்தைப் பாதுகாக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் எழுதினோம். ஆனால் பாதுகாப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு நிறுவனத்தின் பொருளை எழுதிவிட்டோம். அன்று நான் வந்து சேர்ந்த முடிவையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒரு கணினி வலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பல்கலைக்கழகம் விதிக்கலாம், விதித்தே ஆகவேண்டும். அந்தக் கணினிக்குள் எந்த நிறுவனத்தின் பொருள் இருக்க வேண்டும் என்று விதிக்கலாகாது.

மூன்று சொற்கள்

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலை உள்ளதற்கும் ஒரே சொல். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தார் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிவருகிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘இலவசம்’ என்கிறோம். தமிழ்நாடு அரசு 2011-இல் மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது ‘விலையில்லா’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மென்பொருளுக்கு நாம் வைத்த பெயரோ ‘கட்டற்ற’ என்பது. முதலிரண்டும் விலையைப் பேசுகின்றன, மூன்றாவது உரிமையைப் பேசுகிறது.

கட்டற்ற மென்பொருள் என்றால் நான்கு உரிமைகள் உள்ள மென்பொருள். எந்த நோக்கத்துக்காகவும் இயக்கலாம். மூலநிரலைப் படித்து, தேவைக்கேற்ப மாற்றலாம். படியெடுத்துப் பிறருக்குத் தரலாம். மாற்றிய வடிவத்தையும் பகிரலாம். விலை இதில் பேச்சே இல்லை, விலைக்கும் விற்கலாம். பணம் வாங்காமல் கிடைக்கும் எத்தனையோ செயலிகள் இந்த நான்கில் ஒன்றைக்கூடத் தருவதில்லை.

விடுதி அறைகளில் புழங்கும் இன்னொரு வகையையும் இங்கே பிரித்துச் சொல்லியாக வேண்டும். விலையுயர்ந்த மென்பொருளின் பூட்டை உடைத்துப் பென் டிரைவில் கைமாற்றுகிறார்களே, அது கட்டற்ற மென்பொருள் அன்று. அது திருட்டுப் பிரதி. அதை உடைத்தவர் உள்ளே என்ன சேர்த்து அனுப்பினார் என்பது யாருக்கும் தெரியாது. வலைக்கு வரும் தீங்குகளில் கணிசமானவை அந்தப் பிரதிகளின் வழியேதான் வருகின்றன. பணமில்லாத மாணவருக்குச் சட்டத்துக்கு உட்பட்ட நேர்வழி எதுவென்றால், அது கட்டற்ற மென்பொருள்தான். அந்த வழியை அடைத்துவிட்டுத் திருட்டுப் பிரதியைக் கண்டிப்பதில் பொருள் இல்லை.

வலைக்குள் நுழைய எழுதிய நிரல்

கட்டற்ற மென்பொருள் பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்ததன்று. பல்கலைக்கழகங்களில், அவற்றின் கணினி விதிகளோடு மோதியும் இணங்கியும் வளர்ந்தது.

1977-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கணினி அறிவியல் ஆய்வகத்தில் கடவுச்சொல் முறையைக் கொண்டுவந்தார்கள். எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன் அதை எதிர்த்தார். கடவுச்சொற்களைக் கண்டறியும் வழியைப் பிடித்து, அவரவர் கடவுச்சொல்லை அவரவருக்கே அனுப்பி, “இதை எடுத்துவிட்டு வெறுமையாக விடுங்கள்” என்று எழுதினார். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அப்படியே செய்தார்கள். இந்தச் செயலில் நான் அவர் பக்கம் இல்லை. ஒருவரையொருவர் அறிந்த சிறு ஆய்வகத்தில் கதவைத் திறந்து வைக்கலாம். பல ஆயிரம் பேர் புழங்கும் வளாகத்தில் முடியாது.

ஆனால் அடுத்து வந்த நிகழ்ச்சியில் அவர் பக்கம்தான் நியாயம். அவர் பணியாற்றிய ஆய்வகத்துக்குச் செராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்பவர்களுக்குச் செய்தி போகும்படி பழைய அச்சுப்பொறியின் நிரலை அவர்கள் மாற்றி வைத்திருந்தார்கள். புதியதில் அதைச் செய்ய மூலநிரல் வேண்டும். கிடைக்கவில்லை. தம் கண்முன் பழுதாகி நிற்கும் பொருளைச் சரிசெய்யும் அறிவு இருந்தும், உரிமை இல்லை. 1983 செப்டம்பர் 27-இல், முழுக் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்தார். 1984 சனவரியில், தாம் எழுதப்போவதற்குப் பல்கலைக்கழகம் உரிமை கோரிவிடக்கூடாது என்று வேலையை விட்டார். வேலையை விட்ட பின்னும் ஆய்வகத்தின் கணினிகளைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அதன் தலைவர் பேராசிரியர் வின்ஸ்டன் அவரை அழைத்தார். அந்த அனுமதியை இந்த அவையில் நினைவுகூர்வது தகும்.

இன்னொரு சரடு ஆஸ்திரேலியாவில் தொடங்குகிறது. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் 1976-இல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலுக்கு வரிக்கு வரி உரை எழுதி மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். நம் உரையாசிரியர் மரபை அறிந்தவர்களுக்கு அந்த உழைப்பின் அருமை விளங்கும். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிமத்தில், மூலநிரலை வகுப்பில் பாடமாக வைக்கக்கூடாது என்று அதன் உரிமையாளரான ஏ.டி.&டி. நிறுவனம் எழுதியது. லயன்சின் உரையை மாணவர்கள் ஒளிநகல் எடுத்துக் கைமாற்றிப் படித்தார்கள். நூலாக முறையாக அது வெளிவந்தது 1996-இல்தான். பாடம் நடத்த வழியில்லாமற்போன ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், தாமே ஒரு சிறிய இயங்குதளத்தை எழுதினார். அது 1987-இல் வெளியான மினிக்ஸ்.

அந்த மினிக்சைத் தம் கணினியில் இட்டு ஓட்டிய ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர்தான் லினஸ் டோர்வால்ட்ஸ். 1991-இல் வீட்டிலிருந்த 386 கணினியிலிருந்து மோடம் வழியாகப் பல்கலைக்கழகத்தின் யூனிக்ஸ் கணினியோடு இணைய அவருக்கு ஒரு முனைய நிரல் தேவைப்பட்டது. தாமே எழுதினார். கோப்புகளை இறக்கிச் சேமிக்க வேண்டியிருந்தது. அதற்கு வட்டு இயக்கி எழுதினார், கோப்பு முறைமை எழுதினார். ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்து அது இயங்குதளத்தின் கருவாகிவிட்டது. ஆகஸ்ட் 25-இல் மினிக்ஸ் பயனர்களுக்கு அதை அறிவித்தார்.

எழுதியாயிற்று, உலகுக்குத் தர இடம் வேண்டுமே? பின்லாந்துப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பான ஃபுனெட்டின் கோப்பு சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த ஆரி லெம்கே, செப்டம்பரில் அதற்கு ஓர் அடைவு ஒதுக்கினார். டோர்வால்ட்ஸ் தம் நிரலுக்கு ‘ஃபிரீக்ஸ்’ என்று பெயர் எண்ணியிருந்தார். லெம்கேவுக்கு அது பிடிக்கவில்லை. அடைவுக்கு ‘லினக்ஸ்’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரே நிலைத்தது. மறு ஆண்டு அந்த நிரல் குனூ பொது உரிமத்தின்கீழ் வந்தது.

லினக்ஸ் பிறந்ததே ஒரு மாணவர் தம் பல்கலைக்கழகத்தின் கணினிக்குள் நுழைவதற்காக. அதற்குப் பெயர் கொடுத்து இடம் கொடுத்தது ஒரு பல்கலைக்கழக வலை. “பயனர்கள் எவரும் தாம் எழுதிய மென்பொருளை வலையின் சர்வர்களில் ஏற்றக்கூடாது” என்ற ஒரு வரி அன்று ஃபுனெட்டில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நம் விதிக் குழுக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த வரி இன்று நம் ஊர் விதிப் புத்தகங்கள் பலவற்றில் இருக்கிறது.

விதி ஏன் வேண்டும்

விதியே வேண்டாம் என்று சொல்பவன் அல்லன் நான். விடுதியில் ஒரு மாணவர் கடையில் வாங்கிய வைஃபை ரவுட்டரைத் தவறான துளையில் செருகிவிட்டார். அந்தப் பெட்டி தானே வலையின் தலைவன் என்று எண்ணி, அந்தக் கட்டடத்துக் கணினிகளுக்கெல்லாம் தவறான முகவரி கொடுக்கத் தொடங்கியது. மறுநாள் இணையவழித் தேர்வு. முந்நூறு பேருக்கு இரவெல்லாம் இணைப்பு இல்லை. அறை அறையாகப் போய் அந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்கும்போது பொழுது விடிந்துவிட்டது. அந்த மாணவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. வலை என்பது ஊர்ப் பொதுக் கிணறு போன்றது. ஒருவர் செய்வது எல்லோருக்கும் போய்ச் சேரும்.

மூலநிரல் தெரிந்திருப்பது மட்டுமே காப்பு என்பதும் உண்மையன்று. 1988 நவம்பர் 2-இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய புழு நிரல், பல்கலைக்கழகங்கள் நன்கறிந்த யூனிக்ஸ் கணினிகளில்தான் பரவியது. அக்கால மதிப்பீட்டின்படி ஆறாயிரம் கணினிகள் முடங்கின. அதே சமயம், மூலநிரல் கையிலிருந்ததால் பெர்க்லி, பர்டூ பல்கலைக்கழகத்தார் சில நாட்களுக்குள் திருத்தம் எழுதி எல்லோருக்கும் அனுப்பவும் முடிந்தது. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சட்டத்தின் சுமையும் உண்டு. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இருக்கிறது. 2022 ஏப்ரல் 28-இல், கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த நெறிமுறைகளின்படி, பாதுகாப்பு மீறல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும். பதிவேடுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். எந்த நேரத்தில் எந்த முகவரியில் யார் இருந்தார் என்று பல்கலைக்கழகம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இந்தக் கடமைகளில் எதுவும் ‘விண்டோஸ் வேண்டும்’ என்று சொல்லவில்லை. யார் என்று அறிவதும், பதிவு வைப்பதும், கெட்டுப்போன கணினியைத் தனிமைப்படுத்துவதும் வலையின் பக்கத்தில் நின்றே செய்யக்கூடியவை.

விதிகளின் ஐந்து வாசகங்கள்

நான் பார்த்த விதிகளில் கட்டற்ற மென்பொருள் பயனரை வாசலில் நிறுத்தும் வாசகங்கள் ஐந்து.

முதலாவது: “எல்லாக் கணினிகளிலும் இன்ன ஆன்டிவைரஸ் நிறுவப்பட்டிருக்க வேண்டும்.” இதை எழுதுபவரின் கவலை, கெட்ட கணினி வலைக்குள் வரக்கூடாது என்பது. அந்தக் கவலையையே எழுதிவிடலாம். இயங்குதளம், அதை உருவாக்குவோரிடமிருந்து பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கும் பதிப்பாக இருக்க வேண்டும். வந்த திருத்தத்தை 14 நாட்களுக்குள் இட வேண்டும். வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் இயங்க வேண்டும். இப்படி எழுதினால், திருத்தமே வராத பழைய விண்டோஸ் கணினி வெளியே நிற்கும். திருத்தம் இடப்பட்ட டெபியன் லினக்ஸ் கணினி உள்ளே வரும். பாதுகாப்பு கூடும், குறையாது.

இரண்டாவது: “உள்நுழைய இந்தச் செயலியை நிறுவுக.” அந்த மாணவியை நிறுத்தியது இதுதான். இதற்கு மாற்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 802.1எக்ஸ் என்பது வலைக்குள் நுழைபவரைச் சரிபார்ப்பதற்கான திறந்த தரநிலை. 2003-இல் ஐரோப்பியக் கல்வி வலைகளில் உருவான எடுரோம் என்ற இணைப்புச் சேவை இதன்மீதுதான் நிற்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் பயனர்பெயரைக் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் வளாகங்களில் இணையலாம். இந்தியாவில் எர்நெட்டும் இலங்கையில் லேர்ன் வலையமைப்பும் இதை நடத்துகின்றன. விண்டோஸ், மேக், லினக்ஸ், கைபேசி எதுவாயினும் தனியாக எதையும் நிறுவ வேண்டிய தேவை இல்லை. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் சர்வராகப் பல வளாகங்களில் ஓடுவது ஃபிரீரேடியஸ். அதுவும் கட்டற்ற மென்பொருளே.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கணினி மையத்து நண்பர்களுக்குச் சொல்கிறேன். லினக்சில் இணைய முடியவில்லை என்று மாணவர் வந்தால், “சர்டிபிகேட் வேண்டாம் என்று டிக் பண்ணிடு, வேலை செய்யும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். வேலை செய்யும். ஆனால் நம் வலையின் பெயரையே வைத்துப் போலி வைஃபை ஒன்றை யாராவது நடத்தினால், அந்தக் கணினி கடவுச்சொல்லை அங்கேயும் கொடுத்துவிடக்கூடும். சான்றிதழ் கோப்பையும் சர்வரின் பெயரையும் ஒரே பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு துறை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். ஒரு பக்கம் போதும்.

மூன்றாவது: “டொரன்ட் பயன்படுத்துவோர் கணக்கு முடக்கப்படும்.” திரைப்படத் திருட்டைத் தடுக்க வந்த விதி. ஆனால் லினக்ஸ் வெளியீடுகள் பல முறையாகவே டொரன்ட் வழியாகவும் வழங்கப்படுகின்றன. தடையை எடுக்கச் சொல்லவில்லை. அந்த வெளியீடுகளின் படிகளை வைத்து வழங்கும் ஒரு பிரதி சர்வரை வளாகத்துக்குள் வையுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யும் கான்பூர் ஐ.ஐ.டி.யும் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ஜி.பி. கோப்பை 60 மாணவர்கள் வெளியிலிருந்து இறக்கினால் 240 ஜி.பி. பிரதி சர்வர் இருந்தால் வெளியிலிருந்து வருவது ஒரே 4 ஜி.பி. மிச்சமெல்லாம் வளாகத்துக்குள்ளேயே ஓடும். இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டும் நிர்வாகத்துக்கு இதில் லாபமே.

நான்காவது: “பயனர் எவரும் சர்வர் நடத்தக்கூடாது.” ரவுட்டர் கதையைச் சொன்ன நான் இந்த விதியின் நியாயத்தை மறுக்க மாட்டேன். ஆனால் கணினி அறிவியல் படிக்கிற பிள்ளை சர்வர் நடத்தாமல் எப்படிக் கற்கும்? நீச்சலைக் கரையில் நின்று கற்றுக்கொடுக்க முடியாது. வலையில் ஒரு பகுதியைத் தனியே பிரித்து, தேர்வுப்பிரிவும் கணக்குப்பிரிவும் எட்டாத இடத்தில், பதிவு செய்துகொண்ட மாணவர்களுக்குக் கொடுங்கள். பொறுப்பாசிரியர் ஒருவர் கையொப்பம் இடட்டும். அடுத்த டோர்வால்ட்சுக்கு வேண்டிய இடம் அவ்வளவுதான்.

ஐந்தாவது வாசகம் வலை விதியில் இராது, சுற்றறிக்கையில் இருக்கும். “விண்ணப்பத்தை வேர்டு கோப்பில், இன்ன எழுத்துருவில் அனுப்புக.” இங்கே தமிழுக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. ஆண்டுக்கணக்கில் பாமினி, வானவில் என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தட்டச்சு செய்தோம். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தத் தமிழ் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தது. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது. அப்படியிருந்தும் ஆய்வேட்டைப் பழைய எழுத்துருவில் கேட்கும் அலுவலகங்கள் இன்னும் இருக்கின்றன. பத்தாண்டு கழித்து அந்த ஆய்வேட்டைத் திறப்பவர் எதை வாசிப்பார்? ஒருங்குறியில் எழுதி, பி.டி.எஃப். ஆகவோ, 2006-இல் உலகத் தரநிலையாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவத்திலோ கேட்டால், எந்த இயங்குதளத்துக்காரரும் அனுப்பலாம். எந்தக் காலத்தவரும் படிக்கலாம்.

நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பது

கட்டற்ற மென்பொருளை உள்ளே விடலாமா என்று கேட்பவர்கள், அது உள்ளே வந்து எத்தனை ஆண்டுகளாயின என்பதைப் பார்ப்பதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் சேரும் சோத்கங்கா களஞ்சியம் டிஸ்பேஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் ஓடுகிறது. அதை 2002-இல் எம்.ஐ.டி.யும் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டன. இணையவழிப் பாடங்களுக்குப் பயன்படும் மூடில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்தது. அந்தப் புள்ளியியல் மாணவி தம் ஆய்வுக் கணக்கீடுகளுக்குப் பயன்படுத்திய ஆர் நிரல்மொழி, நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் தொடங்கியது. நூலகங்களில் புத்தகக் கணக்கு வைக்கும் கோஹாவும் அந்த நாட்டிலிருந்து வந்ததே. மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. பெற்றவர் திருப்பிச் செய்வார் என்ற எதிர்பார்ப்போடு கொடுக்கும் கொடை. முதலில் நான் சொன்ன கட்டளைக்கு வெகு அருகில் நிற்கும் சொல் அது.

நம் பங்கும் உண்டு. 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைச் சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நடத்தத் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் சென்னை சி-டாக்கில் உருவாயிற்று. அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசின் பக்கத்தில் அதுவும் இருந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழுவினர் ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் கூடி, வந்தவர்க்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். 2012 முதல் ‘கணியம்’ மின்னிதழ் இதையெல்லாம் தமிழில் எழுதிவருகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாசி திட்டம், விலையுயர்ந்த மென்பொருள்களுக்கு மாற்றாக சைலேப் போன்றவற்றைக் கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்கிறது. கேரளத்தில் பள்ளிக் கணினிகளே கட்டற்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. தமிழ்நாடு அரசு பாஸ் லினக்சை இட்டு ஒரு கணினியைக் கொடுத்தது. அதே அரசின் நிதியில் நடக்கும் வளாகம் அந்த லினக்சை வாசலில் மறிக்கிறது என்றால், ஒரு கை கொடுத்ததை மறு கை பிடுங்குகிறது என்றுதானே பொருள்?

இந்திய அரசு 2015-இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் கொள்கை, அரசு மின்னாளுமைத் திட்டங்களில் திறமூல மென்பொருளுக்கு முதலிடம் தருகிறது. அதைத் தவிர்ப்பவர்தான் காரணம் எழுத வேண்டும் என்கிறது. இந்த ஒரு கருத்தைப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு லினக்ஸ் பயனர்தான் விண்ணப்பம் எழுதி, காரணம் சொல்லி, அனுமதிக்குக் காத்திருக்கிறார். காரணம் சொல்லும் கடமை மறுப்பவருடையதாக மாறவேண்டும்.

பயனரின் கடமை

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உரிமை கேட்பவர் கடமையில் முந்தி நிற்க வேண்டும். லினக்சில் வைரசே வராது என்று சொல்லிக்கொண்டு மாதக்கணக்கில் திருத்தம் இடாமல் இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2024 மார்ச்சில் நடந்ததை நினைவில் வையுங்கள். எக்ஸ்-இசட் என்ற சிறு கட்டற்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், பராமரிப்பாளராக நம்பிக்கை பெற்ற ஒருவரே கள்ளக் கதவு வைத்துவிட்டார். தொலைவிலிருந்து உள்நுழைவது வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாகிறதே என்று ஐயுற்ற ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தோண்டிப் பார்த்து உண்மையை வெளியிட்டார். மூலநிரல் திறந்திருந்ததால் அவரால் தோண்ட முடிந்தது. ஆனால் தோண்டுவதற்கு ஒருவர் அக்கறைப்பட வேண்டியிருந்தது. கட்டற்ற மென்பொருள் அக்கறையுள்ளவர்கள் இருக்கும்வரைதான் பாதுகாப்பானது.

ஆகவே திருத்தங்களை உடனுக்குடன் இடுங்கள். தெரியாத இடத்திலிருந்து கட்டளைகளை நகலெடுத்து நிர்வாகி உரிமையில் ஓட்டாதீர்கள். அடுத்தவர் கணக்கில் நுழையாதீர்கள். வலையின் தடையை யாருக்கும் தெரியாமல் சுற்றிக்கொண்டு போகும் திறமை உங்களுக்கு இருக்கலாம். அதைக் காட்டாமல், தடை ஏன் தவறு என்று எழுதிக் கொடுங்கள். கள்ளத்தனமாகப் போனவர் தமக்கு மட்டும் வழி செய்துகொள்கிறார். விதியைத் திருத்தச் செய்தவர் தமக்குப் பின் வரும் எல்லோருக்கும் வழி செய்கிறார். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள் எந்த அறத்தில் நிற்கிறதோ, அந்த அறமும் அதுவே.

என் வேண்டுகோள்

துணைவேந்தர் அவர்களிடமும் ஆட்சிக்குழுவினரிடமும் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். வலை விதிகளை எடுத்து, நிறுவனப் பெயரோ பொருளின் பெயரோ வரும் ஒவ்வொரு வரியையும் கோடிடுங்கள். அந்த இடத்தில், அந்தப் பொருள் எதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களோ அதை எழுதுங்கள். விதிக் குழுவில் லினக்ஸ் பயன்படுத்தும் மாணவர் ஒருவருக்கும் ஆசிரியர் ஒருவருக்கும் இடம் கொடுங்கள். ஒரு கணினிக்கு இணைப்பு மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி என்பதை எழுத்தில் ஏழு நாட்களுக்குள் தெரிவியுங்கள். கணினி மையத்தில் லினக்ஸ் தெரிந்த ஒருவரையாவது உதவி மேசையில் அமர்த்துங்கள். இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை.

அந்த மாணவிக்கு நாங்கள் விதியைத் திருத்திக்கொடுக்க நான்கு மாதமாயிற்று. திருத்தியது ஒரே ஒரு வாக்கியம். இன்ன செயலி இருக்க வேண்டும் என்ற வரியை அடித்துவிட்டு, பாதுகாப்புத் திருத்தம் இடப்பட்ட எந்த இயங்குதளமும் இணையலாம் என்று எழுதினோம். அடுத்த ஓராண்டில் எங்கள் வளாகத்துக்கு அதனால் ஒரு தீங்கும் வரவில்லை. அவர் ஆய்வேட்டை முடித்துச் சமர்ப்பித்தார்.

அந்த ஒரு வாக்கியத்தை உங்கள் விதிப் புத்தகத்திலும் எழுதுங்கள். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.